முகத்தில் போட்ட துணி

எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த காரியம் ஒன்று உண்டு. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் அந்தக் காலத்தில் அது ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. "தொட்டிக்குள்ள எறங்கி ஆளக் காப்பாத்துன நர்சம்மா" என்று விருதுநகர் பஸ்ஸில் எழுந்து எனக்கு இடம் கொடுப்பார்கள். நான் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னைத் தெரிந்த யாரும் என்னை அடக்கமானவள் என்று சொல்ல மாட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மிஷன் ஆஸ்பத்திரியில் படிப்பை முடித்துவிட்டு, நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளி தீக்காயத்துக்குப் பயந்தவர். ஒரு சின்ன அறை ஒதுக்கி, ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நர்ஸ் என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கல்யாணம் ஆகாத வயது, வெள்ளைச் சேலை, படித்த திமிர் எல்லாம் சேர்ந்து நான் அங்கே ஒரு குட்டி ராணி மாதிரி இருந்தேன். நான் ஒரு சொல் சொன்னால் போர்மேன்கூட மறுபேச்சு பேச மாட்டார். தீக்காயம் என்றால் என் கை தானாக வேலை செய்யும். விழுந்து அடிபட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

கம்பெனி வளாகத்தில் தீயணைக்க என்று தரைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். உள்ளே ஓர் அறை போல விரிந்து கிடக்கும். வாய் மட்டும் ஓர் ஆள் இறங்குகிற அகலம்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றியதும் ஆட்கள் இறங்கி அடியில் படிந்த சேற்றை அள்ளுவார்கள். அந்த வருஷமும் காலையிலிருந்து இரண்டு பேர் உள்ளே நின்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் லோடு ஏற்றும் வேலைக்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர். அவருடைய மனைவி அதே கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிற கொட்டகையில் வேலை பார்த்தாள்.

சேற்றுச் சட்டியோடு ஏணியில் ஏறிய அந்த லோடுகாரர், பாசியில் ஏணி வழுக்கி, மல்லாக்க விழுந்தார். தொட்டிக்குள் இருந்த ஒரு குட்டைச் சுவரின் விளிம்பில் முதுகு மோதியது. என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது போர்மேன் கையில் கயிற்றோடு நின்றார்.

"அக்குளுக்குக் கீழ கயித்தக் கட்டி, வாளியத் தூக்குத மாதிரி தூக்கிருவோம் நர்சம்மா."

"தூக்குங்க. மேல வரும்போது ஆளு பாதிதான் வருவான். மிச்சப் பாதிய ஆயுசு முழுக்க நீங்க சுமப்பீகளா?" என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். கம்பெனியே மேலே நின்று பார்த்தது. பார்க்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே வெக்கையும் சேற்று நாற்றமும். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். "காலு எங்கன இருக்குன்னே தெரியல நர்சம்மா" என்றார். பெருவிரலைக் கிள்ளினேன். ஒரு காலில் மட்டும் லேசாகத் தெரிகிறது என்றார். தண்டுவடம் அறுந்துவிடவில்லை, ஆனால் ஒரு கோணல் அசைவு போதும், அறுந்துவிடும். அந்தக் குறுகின வாய் வழியாக அவரை வளைக்காமல், திருகாமல் ஏற்ற வேண்டும். இது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களை ஒருவரை ஒருவர் பலகையில் கட்டிப் பழகச் சொல்லுவார்கள். கட்டு தளர்ந்தால் மண்டையில் குட்டு விழும். அந்தப் பாடம் ஒரு வரி விடாமல் நினைவுக்கு வந்தது. குழாய் காயவைக்கிற நீளப் பலகை ஒன்றை இறக்கச் சொன்னேன். என் அறையிலிருந்து வெள்ளைக் கட்டுத் துணி மொத்தத்தையும் கொண்டுவரச் சொன்னேன். ஏணியைப் படுக்கப் போட்டு, அதன் மேல் பலகையை வைத்துக் கட்டினேன். உள்ளே இருந்த இன்னொரு தொழிலாளி அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாயைப் புரட்டுகிற மாதிரி உடம்பு முழுவதையும் ஒரே சேரப் புரட்டி, ஏணியோடு சேர்த்துப் பலகையை அடியில் நுழைத்து, மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தோம்.

பிறகு கட்டினேன். நெற்றியில் ஒரு கட்டு. கழுத்து ஆடாமல் தாடைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, உச்சந்தலையோடு சேர்த்து ஒரு கட்டு. மார்பு, இடுப்பு, தொடை. இரண்டு பாதங்களையும் சேர்த்து எட்டுப் போட்டு ஒரு கட்டு. தொட்டி வாயின் சிமெண்ட் சொரசொரப்பானது, விரல் மாட்டினால் உரிந்துவிடும் என்று இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் சேர்த்துத் துணி சுற்றிவிட்டேன். மேலிருந்து மண்ணும் காரையும் உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணில் விழக் கூடாது என்று ஒரு மெல்லிய மல் துணியை முகத்தின் மேல் போட்டேன்.

போடுவதற்கு முன்னால் அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"நான் மேல வந்து சொல்லுத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் ஒரு சத்தம் கூடாது. அசைஞ்சீகன்னா காலு போயிரும். வெளங்குச்சா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

மேலே ஆட்கள் கயிறு பிடித்தார்கள். நானும் அந்தத் தொழிலாளியும் அடியில் தாங்கிக் கொடுத்தோம். ஏணி சாய்ந்து, நிமிர்ந்து, வாயில் எங்கேயும் உரசாமல், ஊசிக் காதில் நூல் நுழைகிற மாதிரி நுழைந்து மேலே போனது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இப்படி ஒரு வேலையை எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி சூப்பரண்டெண்ட் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் ஏணி இல்லாமல் நாங்கள் எப்படி ஏறுவது என்று தோன்றியது. கம்பெனிக்குள் அம்புட்டு உயரத்துக்கு இருந்தது அந்த ஒரே ஏணிதான்.

மேலே போர்மேன் கூப்பிடுவது கேட்டது. "ஏலே. ஏலே, கேக்காலே? ஒரு வார்த்த சொல்லுலே."

பதில் இல்லை. ஏன் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

"மேல வாரதுக்குள்ள போயிட்டானே" என்று யாரோ சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் முகம் மூடிய ஆளின் துணியை யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை. வெடிவிபத்தில் போனவர்களை அப்படித்தான் மூடி வைப்பார்கள். விலக்கிப் பார்த்தவர்களுக்கு அப்புறம் பல நாள் சோறு இறங்காது. அதனால் மூடியது மூடினபடி இருக்கட்டும் என்று விட்டுவிடுவது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை அறிந்த நான், "மேலே போனதும் துணியை எடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

நான் பெட்டியில் வைத்து அடக்கம் செய்கிற கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள். ஆனாலும் தெருவில் பாடை போவதைப் பார்க்காமலா வளர்ந்தேன்? இரண்டு நீள மூங்கில், குறுக்கே கம்புகள், மேலே வெள்ளைத் துணியில் கட்டின ஆள். வாய்க்கட்டு, கைக்கட்டு, கால்கட்டு. ஒன்று குறையாமல் எல்லாவற்றையும் நானே என் கையால் செய்து, முகத்தையும் மூடி மேலே அனுப்பியிருந்தேன். இதை நினைத்துப் பார்க்க எனக்கு நேரம் இல்லை என்று சொல்லலாம். நேரம் இருந்தது. சூப்பரண்டெண்டை நினைக்க நேரம் இருந்ததே.

குழாய்க் கொட்டகையிலிருந்து பெண்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் பிரிந்து வந்தது. அது அவருடைய மனைவி. அவள் என்ன சொல்லி அழுதாள் என்று நான் எழுதப்போவதில்லை. கட்டினவனைப் பறிகொடுத்தவள் சொல்லுகிறதைத்தான் சொன்னாள். பிறகு தொட்டி வாயின் விளிம்பில் கைகளை அடித்து வளையலை உடைத்தாள். கண்ணாடித் துண்டுகள் என் வெள்ளைச் சேலையில் வந்து விழுந்தன.

"சாகல! உசுரோட இருக்காரு! துணிய எடுங்க!" என்று கத்தினேன். கூட நின்ற தொழிலாளியும் கத்தினார். அந்தத் தொட்டிக்குள் நாங்கள் கத்தினது எங்கள் காதையே அடைத்தது. மேலே மொத்தப் பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். நாங்களும் சேர்ந்து அழுகிறோம் என்றே நினைத்திருக்கிறார்கள். பிறகு அப்படித்தான் சொன்னார்கள்.

யாருக்கோ எங்கள் நினைவு வந்து, பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒரு ஏணியைத் தூக்கி வந்து இறக்கினார்கள். நான் ஏறிப் பார்த்தபோது அவள் அவருடைய கால்மாட்டில் கிடந்தாள். நெற்றிக் குங்குமம் அழிந்து ரத்தம் மாதிரி புருவத்தில் வழிந்திருந்தது. தலைப் பூ தரையில் கிடந்தது. மணிக்கட்டில் நிஜமாகவே ரத்தம். நான் போய் முகத்துத் துணியை எடுத்தேன்.

அவர் கண் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் கண்ணீர் காதுக்குள் இறங்கியிருந்தது.

"இனிமே பேசலாம்" என்று அவர் காதருகே சொன்னேன்.

கூட்டம் ஓவென்று கத்தியது. போர்மேன் என் காலைத் தொடக் குனிந்தார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே ஒரு மூத்த பெண், அவருடைய மனைவியைத் தோளைப் பிடித்துத் தூக்கி, கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பிழைத்து வந்தவன் முதலில் பார்ப்பது பொட்டழிந்த முகமாக இருக்கக் கூடாதாம். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனோம். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். திருத்தங்கல் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"அவ கத்துனது அம்புட்டும் கேட்டுச்சு நர்சம்மா. நீங்க பேசக் கூடாதுன்னீக."

"நல்லவேள, பேசல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவருக்குக் கால் திரும்பியது. மாவுக்கட்டு, படுக்கை, கம்பு என்று பல மாதம் ஆகி, கடைசியில் கம்பில்லாமல் நடந்தார். கட்டியது சரியான கட்டு என்று டாக்டரே சொன்னார். அன்றைக்கு அக்குளில் கயிறு கட்டி இழுத்திருந்தால் அவர் நடந்திருக்க மாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் உறுத்தலுக்கு மருந்தில்லாமல் போனதும் அதனால்தான். தப்பாகச் செய்திருந்தால் தப்பு என்று சொல்லி அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே விஷயம் தொடங்கிவிட்டது. ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய மனைவி தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து வாசலில் நின்றாள். கை நிறையப் புது வளையல், பெரிய பொட்டு. மாமியார் வாசலிலேயே சட்டியை வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பினாள்.

"புருசன் உசுரோட கெடக்கையில வளையல ஒடச்ச கையி. அந்தக் கையால ஊட்டுனா எம் புள்ளைக்கு ஒட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"துணி போட்டு மூடுனது நான். அவ என்ன செய்வா?" என்றேன்.

"நீங்க உசுரக் குடுத்த மகராசி. உங்களச் சொன்னா நாக்கு அழுகிரும். இவனும் நெனவில்லாமக் கெடந்தேங்கான். கண்ணால பாக்காம, தொட்டுப் பாக்காம, அம்புட்டு அவசரம் என்ன அவளுக்கு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் அன்றைக்கு மயங்கிக் கிடந்ததாக அவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டுக்கொண்டு கிடந்தேன் என்று சொன்னால், ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பார்கள். நர்சம்மா சொன்னாள், கால் போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்ல வேண்டும். ஓர் ஆண்பிள்ளைக்கு அது கஷ்டம் என்று அவர் பக்கம் நானே காரணம் கண்டுபிடித்து, அன்றைக்குச் சும்மா வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் திருத்தங்கலில் அவருடைய அக்கா மகளுக்குச் சடங்கு. மாமியார் நேரில் வந்து அழைத்தாள். நான் போய்த்தான் முதலில் சந்தனம் பூச வேண்டுமாம். கல்யாணம் ஆகாத வேதக்காரப் பெண் நான். அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

போனதும் என் கண் அவளைத்தான் தேடியது. கூடத்தில் இல்லை. பின்கட்டில், தாலியறுத்த பெண்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை என்றாள். கூடத்துக்கு வா என்றும் யாரும் சொல்லவில்லை.

"என்னாலதான் இப்படி" என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க நர்சம்மா" என்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நான் அழுதது அவுகளுக்குக் கேட்டுச்சா? நெனவில்லாம கெடந்தேன்னு சொல்லுதாக. ராத்திரில தூக்கத்துல, 'கத்தாத, கத்தாத'ங்காக."

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "கேட்டுச்சு. நாந்தான் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அசைஞ்சா காலு போயிருமுன்னு சொல்லியிருந்தேன்" என்றேன்.

கையிலிருந்த சாம்பலை உதறினாள்.

"ஒரு விரலையாவது ஆட்டியிருக்கலாம்ல. நான் கையத் தொட்டுத் தொட்டுத்தான அழுதேன்."

"விரலையும் நாந்தான் துணி சுத்திக் கட்டியிருந்தேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ஊரில் என்னை அப்படிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். என்னைப் பிடிக்கவே இல்லை என்பது அந்தப் பார்வையில் பச்சையாகத் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

"இத அங்கன வந்து சொல்லுவீகளா? எல்லார் முன்னாடியும்?" என்றாள்.

சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, கூடத்து வாசல் நிலைக்கு வெளியே நின்றாள்.

சொன்னேன். எனக்கு வாய்க்குப் பஞ்சமா? அவர் மயங்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார், நான் மிரட்டி வைத்ததால்தான் பேசவில்லை, பாடையில் கட்டுவது மாதிரி கட்டியதும் முகத்தை மூடியதும் நான், எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீகளா, எம்புட்டுப் பெரிய மனசு! அவ மேல உள்ள எரக்கத்துல பழியத் தன் தலையில போட்டுக்கிடுதாக."

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார், நான் கட்டி மீட்ட அந்த இரண்டு காலில்.

"நீங்க சொல்லுங்க. லாரியில எங்கிட்டச் சொன்னீகள்ல?" என்றேன்.

அவர் நிலைக்கு வெளியே ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் நெனவில்ல நர்சம்மா" என்றார்.

அவள் பின்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். மாமியார் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அதைத் தரையில் வைத்துவிட்டு நான் பின்கட்டுக்கு அவள் பின்னால் போயிருக்கலாம். அந்தப் பிள்ளை புதுப் பட்டில், கண்ணை மூடி, கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் சந்தனத்தைத் தொட்டுப் பூசினேன்.